ஒட்டுப்போட்ட கார்

ஐந்து வயசுகூட ஆகாத எலெக்ட்ரிக் கார். பெயின்ட் பளபளக்கிறது. சீட்டில் ஒரு கீறல் இல்லை. இதே மாடல், இதே வருஷம், இதே அளவு ஓடிய இன்னொரு கார் 20,000 டாலர் என்றால், இது மட்டும் 13,000. காரணம், அதன் டைட்டிலில், அதாவது அமெரிக்காவில் காருக்குத் தரும் உரிமைப் பத்திரத்தில், 'ரீபில்ட்' என்று ஒரே ஒரு வார்த்தை.

வாங்கலாமா? டெக்சாஸில் படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். "சட்டப்படி தப்பில்லை, விசாரித்துவிட்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஏன் சார்?" என்கிறார். நல்ல கேள்வி. மனசு ஒப்பாததற்குக் காரணம் பயம் மட்டும்தானா, வேறு ஏதாவதா?

முதலில் அந்த வார்த்தையின் பூர்வகதை. அங்கே கார் அடிபட்டால் இன்ஷூரன்ஸ்காரர் கணக்குப் போடுவார். ரிப்பேர் செலவு காரின் மதிப்பில் இவ்வளவு சதவிகிதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரை ஏலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பத்திரத்தில் 'சால்வேஜ்' முத்திரை விழும். யாரோ ஒரு மெக்கானிக் ஏலத்தில் எடுத்துச் சரிசெய்து அரசாங்கத்திடம் காட்டினால், 'சால்வேஜ்' போய் 'ரீபில்ட்' ஆகும். ரோட்டில் ஓடலாம். ஆனால், முத்திரை ஆயுசுக்கும் போகாது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த சதவிகிதம் நியூயார்க்கில் 75, டெக்சாஸில் 100. அதே நசுங்கல், அதே கார், எல்லைக்கு இந்தப் பக்கம் களங்கம், அந்தப் பக்கம் சுத்தம்! வேறு மாநிலத்தில் பதிவு செய்து முத்திரையைக் கழுவும் தொழிலுக்கு 'டைட்டில் வாஷிங்' என்றே பெயர். இதைத் தடுக்கத்தான் 1992-ல் ஒரு சட்டம் போட்டு, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரு பதிவேடு வைக்கச் சொன்னார்கள். இன்னொன்று: அரசாங்கப் பரிசோதனை என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். பல மாநிலங்களில் அவர்கள் முக்கியமாகத் தேடுவது, திருட்டு பாகங்கள் பொருத்தியிருக்கிறதா என்பதைத்தான். வெல்டிங் ஒழுங்காக இருக்கிறதா என்பது உங்கள் பாடு.

எலெக்ட்ரிக் கார் என்றால் சிக்கல் இரட்டிப்பு. பேட்டரி உங்கள் காலுக்குக் கீழே, தரை முழுக்கப் படுத்திருக்கிறது. அடியில் ஒரு கல் பலமாக இடித்திருந்தால், உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கச் சிரமம். மாற்றுவதற்கோ ஏகப்பட்ட செலவு. 'எதற்கு வம்பு' என்று இன்ஷூரன்ஸ்காரர் காரையே கைகழுவிவிடுவார். ஆக, முத்திரை விழுந்த கார்களில் கிட்டத்தட்ட ஒன்றுமே ஆகாததும் உண்டு, எமனும் உண்டு. வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரி. 2022 செப்டம்பரில் 'இயன்' புயலில் ஃப்ளோரிடாவில் கடல் தண்ணீர் புகுந்து, மூழ்கிய எலெக்ட்ரிக் கார்களில் சில, தண்ணீர் வடிந்து நாள்கணக்கில் கழித்துத் தானாகத் தீப்பிடித்தன. நிறுத்தி வைத்திருந்த கார்!

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் செகண்ட்ஹேண்ட் கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதை வேண்டாம் என்று திருப்பியனுப்பிய பத்திரிகைகள் உண்டு. 2001-ல் நோபல் கொடுத்தார்கள். விஷயம் எளிமையானது. விற்பவனுக்குக் காரின் லட்சணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் சுமார் விலைக்கே கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் 'இந்த விலைக்கா?' என்று ஒதுங்கிக்கொள்வான். மிச்சமிருப்பது ஓட்டை உடைசல். முத்திரை இந்த நோய்க்கு மருந்து மாதிரி தெரிகிறது. ஆனால், முத்திரைக்கு உள்ளேயே நோய் மறுபடி ஆரம்பிக்கிறது. யோக்கியமாக ஒக்கிட்ட மெக்கானிக்குக்கும், பெயின்ட் அடித்து மூடியவனுக்கும் ஒரே தள்ளுபடி விலை. யோக்கியனுக்குத்தான் நஷ்டம்.

'ஒருமுறை அடிபட்டதுக்கு ஆயுசு முழுக்க முத்திரையா?' என்று தோன்றலாம். ஜெயிலுக்குப் போய்வந்தவனை ஊர் இப்படி நடத்தினால் நமக்குக் கோபம் வரும். வரவேண்டும். அவனால் திருந்திக் காட்ட முடியும், நாலு பேர் முன்னால் நடந்து காட்ட முடியும். காருக்கு வாய் கிடையாது. அதன் சார்பில் பேச அந்த ஒரு வார்த்தைதான் இருக்கிறது. அதை அழிப்பதை மன்னிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ரோமாபுரி சிஸரோ கடமைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் (கி.மு. 44) வீடு விற்கும் ஒருவனைப் பற்றி வாதிடுகிறார். படுக்கையறையெல்லாம் பாம்பு வருகிறது, மரம் இற்றுப்போயிருக்கிறது. சொந்தக்காரனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி (பீப்பாய்க்குள் வாழ்ந்தவர் இல்லை, இவர் பாபிலோன்காரர்) 'வாங்கு என்று அவன் கட்டாயப்படுத்தவில்லையே' என்கிறார். அவருடைய சீடர் ஆன்டிபேட்டர், 'இது வழி தவறியவனுக்கு வழிகாட்ட மறுப்பதைவிட மோசம்' என்கிறார். சிஸரோ ஓட்டு சீடருக்கே. என் ஓட்டும்.

ஆனால், நம் வாசகரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. தெரிந்துதான் வாங்கப்போகிறார். அவருடைய உயிர், அவருடைய பணம், அவருடைய இஷ்டம். விஷயம் அதோடு முடிந்துவிட்டால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். பின் சீட்டில் உட்காரும் ரூம்மேட் பத்திரத்தைப் படிக்கவில்லை. அபார்ட்மென்ட்டின் கீழே ராத்திரி முழுக்க சார்ஜில் நிற்கும் காருக்கு மேலே, யார் வீட்டுக் குழந்தையோ தூங்குகிறது. அதன் அம்மாவுக்கு 7,000 டாலர் மிச்சமாகவில்லை. மனசு ஒப்பாதது இதனால்தான் என்று நினைக்கிறேன். லாபம் ஒருவருக்கு, ரிஸ்க்கில் பங்கு பலருக்கு.

அதற்காக வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். படிக்க வந்த பையனுக்கு 7,000 டாலர் சின்னத் தொகை இல்லை. விலையில் மிச்சமானதில் கொஞ்சத்தைத் தெரிந்துகொள்வதற்குச் செலவழிக்க வேண்டும். பதிவேட்டில் பழைய வரலாற்றைப் பாருங்கள். ரிப்பேருக்கு முன் எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். யோக்கியமான மெக்கானிக் அதை ஆசையாகக் காட்டுவான். ஏர்பேக் வாங்கிய பில் எங்கே? ஹை-வோல்டேஜ் வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். டோட்டல் லாஸ் ஆன காருக்குக் கம்பெனி வாரன்டி பெரும்பாலும் கிடையாது. முழு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் மூழ்கிய கார் என்றால் பாதி விலைக்கும் வேண்டாம். இதில் என்னிடம் பேரமே கிடையாது.

போட்டோவும் பில்லும் சோதனை ரிப்போர்ட்டும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். நாலு வருஷம் கழித்து இந்தக் காரை உங்களிடம் வாங்க இன்னொரு பையன் வருவான். அவன் கேட்காவிட்டாலும் சாவியோடு அதையும் எடுத்துக் கொடுங்கள்.