உக்கிராணக்காரர் ஸ்பென்சர்

கல்யாண மண்டபத்தில் உக்கிராண அறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் அன்றைக்கு ராஜா. மாப்பிள்ளைக்கே காபி என்றாலும் அவர் சர்க்கரை அளந்து கொடுத்தால்தான் உண்டு. இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகைகளில் இந்த வேலை பார்த்தவருக்குப் பெயர் 'டிஸ்பென்சர்'. அதுதான் தேய்ந்து ஸ்பென்சர் ஆனது. அந்தப் பெயர்க்காரர் ஒருவர், ஜே.டபிள்யூ.ஸ்பென்சர், 1860களில் சார்லஸ் டுரண்ட்டுடன் சேர்ந்து நம் மவுண்ட் ரோடில் கடை நடத்தினார். பெயர்ப் பொருத்தம் பாருங்கள்!

இளவரசி டயானா பிறந்ததும் ஒரு ஸ்பென்சர் குடும்பத்தில்தான். ஆடு வளர்த்துக் காசு சேர்த்து, 1508-ல் ஆல்தார்ப் எஸ்டேட்டை வாங்கியவர்கள். வசதி வந்த பிறகு, பழைய டிஸ்பென்சர் பிரபு வம்சத்தின் வாரிசுகள் நாங்கள் என்று ஒரு வம்சாவளி தயாரானது. (காசு கொடுத்தால் வம்சாவளி எழுதித்தர எல்லா ஊரிலும் ஆள் உண்டு.) ஜே.எச்.ரவுண்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1901-ல் அதைப் போட்டு உடைத்தார்.

அதே குடும்பம் 1621-ல் வேறு முகம் காட்டியது. பார்லிமென்டில் அருண்டல் பிரபு, உங்க முன்னோர் ஆடு மேய்த்தவர்கள்தானே என்று மட்டம் தட்டினார். ஸ்பென்சர் பிரபு அசரவில்லை. அவர்கள் ஆடு மேய்த்தபோது உங்கள் முன்னோர் ராஜதுரோகச் சதி செய்துகொண்டிருந்தார்கள் என்று திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க மறுத்த அருண்டல் லண்டன் டவர் சிறைக்குப் போனார்.

அங்கே ஆட்டை மறைத்தார்கள். நம் ஊரில் நடந்ததும் அதுதானா?

தாம்பரத்தில் ரயிலேறித் தெற்கே போனால் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னாலிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. தலைமை வகித்த சௌந்தரபாண்டியனே தன் 'நாடார்' பட்டத்தை விட்டார்.

'இதுவும் மறைக்கிற வேலைதானே, அப்பன் பாட்டன் தொழிலைச் சொல்ல வெட்கமா?' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆல்தார்ப்காரர்கள் மறைத்தது இன்னும் ஒரு படி மேலே ஏற. செங்கல்பட்டில் அந்தப் படிக்கட்டே வேண்டாமென்றார்கள். தவிர, ஸ்மித் என்ற பேராசிரியர் வகுப்புக்கு வந்தால் யாருக்கும் கொல்லுப்பட்டறை ஞாபகம் வருவதில்லை. நம்மிடம் வெறும் இனிஷியலைச் சொன்னாலும் மிச்சத்தைத் தோண்டாமல் விடுவதில்லை.

சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டுப் போய்ப் பாருங்கள். "சொந்த ஊர் எது சார்? அங்கே எந்தத் தெரு? சாப்பாடு சைவமா?" மூணே கேள்வி. பத்து மாச அட்வான்ஸை ரொக்கமாகக் கையில் வைத்திருந்தாலும் பதில் இதுதான்: "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."