காயமும் கடனும்

உதவியும் உரிமையும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடியவை. இரண்டிலும் ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் பெறுகிறார். கொடுக்கப்படும் தொகைகூட ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் பெறுபவன் எந்த நிலையில் நின்று பெறுகிறான் என்ற இடத்தில் அவை பிரிந்துவிடுகின்றன. வேலைத்தலத்தில் காயப்பட்ட தொழிலாளியின் வைத்தியச் செலவு யாருடையது என்ற கேள்வி, இந்தப் பிரிவின் நடுவே நிற்கின்ற ஒரு கேள்வியாகும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கின் வயல் வெளிகளுக்கு அருகே ஓர் அரிசி ஆலை. நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒருவனின் கை இயந்திரத்தின் பெல்ட்டில் அகப்பட்டுவிடுகிறது. முதலாளி கெட்டவரல்லர். தனது வாகனத்திலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இரண்டு தடவை பழங்களோடு வந்து பார்க்கிறார். அவனது மனைவியின் கையில் ஒரு தொகையையும் வைக்கிறார். ஊர் அவரைப் பாராட்டுகிறது. மூன்று மாதம் கழிகின்றது. கை இன்னும் மடங்க மறுக்கிறது. ஆனால் பணம் நின்றுவிட்டது, ஆலையில் அவனது இடத்தில் வேறொருவன் நிற்கிறான். யாரைக் குறை சொல்வது? கொடுக்கப்பட்டது உதவி. உதவியை எப்போது நிறுத்துவது என்பது கொடுப்பவரின் விருப்பம். ‘இன்னும் வேண்டும்’ என்று கேட்டால் அவன் நன்றி கெட்டவனாகிவிடுவான்.

இலங்கையில் இதற்கெனச் சட்டம் இல்லாமலில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. மரணத்துக்கும் அங்கவீனத்துக்கும் அது நட்டஈடு விதிக்கிறது. எந்த உறுப்பு போனால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் குறைந்ததாகக் கொள்வது என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. 2005இல் ஐந்தரை இலட்சம் ரூபாவாக்கப்பட்ட உச்சத் தொகை, 2022இல் இருபது இலட்சமாக உயர்த்தப்பட்டது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் அப்போது சேர்க்கப்பட்டன. இவை நல்ல திருத்தங்கள். ஆயினும் அச்சட்டத்தின் உயிர்நாடி இழப்புக்கு விலை கூறுவதே தவிர, இழப்பைத் தடுக்கும் வைத்தியமல்ல. வைத்தியத்தை அது அரசாங்க ஆஸ்பத்திரியிடம் விட்டுவைத்திருக்கிறது.

இந்தக் குறைபாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் 1837இல் ‘பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர்’ என்றொரு வழக்கு நடந்தது. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், அளவுக்கு மீறிப் பாரமேற்றப்பட்ட வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்தவன். எசமான் பொறுப்பல்ல என்றே இறுதியில் தீர்ப்பாயிற்று. அபாயம் தெரிந்தே வேலைக்குப் போகிறவன் அதை ஏற்றுக்கொண்டவனாகிறான் என்ற நியாயத்துக்கு இத்தகைய தீர்ப்புகள் அடித்தளமாயின. 1897இல்தான், யார் பிழை என்று கேளாமலே நட்டஈடு வழங்கும் சட்டம் அங்கே வந்தது. அதிலும் வைத்தியச் செலவு இடம்பெறவில்லை. அந்த வழியில் 1923இல் இந்தியாவிலும் 1934இல் இங்கும் சட்டங்கள் பிறந்தன.

ஜேர்மனி வேறொரு வழியால் சென்றது. 1884இல் அங்கே இயற்றப்பட்ட விபத்துக் காப்புறுதிச் சட்டத்தில், தொழில் தருநர்களின் பணத்தில் இயங்கும் நிதியின் கடமைகளுள் வைத்தியச் செலவும் ஒன்றாயிற்று. பின்னாளில் அந்நாட்டில், ஓய்வூதியம் கொடுப்பதற்கு முன் மீண்டும் உழைக்கக்கூடியவனாக்கு என்பதே கோட்பாடாகிவிட்டது. கை போனால் இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பது ஒரு வழி. கையைக் காப்பாற்ற முயல்வது மற்றொரு வழி. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பணத்தால் அளக்கக்கூடியதல்ல. தொழிலாளியை எதுவாகக் கருதுகிறோம் என்பதே அந்தத் தூரம். சர்வதேச தொழில் அமைப்பின் 1964ஆம் ஆண்டின் 121ஆம் இலக்கச் சமவாயம் வைத்தியப் பராமரிப்பையும் சேர்த்தே வேலைக் காய நலன்களை வகுத்தது. இந்தியாவும் 2009இல் தனது சட்டத்தைத் திருத்தி, சிகிச்சைக்குச் செலவான உண்மைத் தொகையை மீளளிக்க வேண்டுமென்று எழுதிக்கொண்டது.

இது எமக்கு முற்றிலும் அந்நியமான எண்ணமுமல்ல. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872இலேயே இங்கு ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. கருணையைவிடக் கோப்பியின் மீதான அக்கறையே அதற்குக் காரணம் என்று சொல்லலாம். என்றாலும், உழைப்பவனின் உடம்பு உழைப்பிப்பவரின் பொறுப்பு என்ற கருத்து அதில் ஒளிந்திருந்தது.

இனி, எதிர்த்துச் சொல்லப்படுபவற்றை நியாயமாகவே நோக்குவோம்.

முதலாவது, ஆஸ்பத்திரி இலவசந்தானே என்பது. எமது இலவச வைத்தியம் பெருமைக்குரியதென்பதில் ஐயமில்லை. ஆனால் இலவசம் என்பது செலவில்லாதது என்று பொருள்படாது. அச்செலவை வரியால் நாடு சுமக்கிறது. சீனிக்கும் எண்ணெய்க்கும் வரி செலுத்தும் அந்தக் கூலியாளும் சுமக்கிறான். ஆலையின் இலாபம் ஒருவருடையதாகவும் ஆலையின் காயம் ஊருடையதாகவும் இருப்பது என்ன கணக்கு? மேலும், கட்டிலும் வைத்தியரும் இலவசமாயினும், ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்துக்கு வெளியே எழுதிக் கொடுத்த துண்டு இலவசமல்ல. 2022இன் நெருக்கடியில் இதை நாடே அறிந்துகொண்டது. கிளினிக்குக்குப் போய்வரும் பஸ் கட்டணமும், துணைக்குப் போகிறவரின் ஒருநாள் கூலியும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. விரல்களை மீண்டும் மடக்கப் பழக்கும் பயிற்சி பெரும்பாலும் இங்கேதான் நின்றுபோகிறது. அது நின்றுபோனால், சத்திர சிகிச்சையில் வைத்தியர் பட்ட பாடும் வீணாகிவிடுகிறது.

இரண்டாவது, கவனமில்லாமல் நடந்தவன் அவனே என்பது. குடித்திருந்ததால் நேர்ந்த காயத்தையும், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதால் நேர்ந்த காயத்தையும் நட்டஈட்டுச் சட்டம் தனியாகவே பிரித்துவைத்திருக்கிறது. சாதாரண கவனக் குறைவு அப்படியானதல்ல. பத்து மணித்தியாலம் ஒரே அசைவைச் செய்யும் எவனுடைய கையும் ஒருநாள் தவறும். அந்தத் தவறு வேலையின் ஒரு பகுதி. உமி எப்படி நெல்லோடு வருகிறதோ அப்படித்தான் இதுவும். எனவே பழி வேறு, கடன் வேறு. எவர்மீதும் பழி இல்லாத இடத்திலும் கடன் இருக்கலாம்.

மூன்றாவது, சற்றுக் கனமானது. நான்கு பேரை வைத்து வேலை செய்யும் சிறு முதலாளி, ஒரு பெரிய சத்திர சிகிச்சைச் செலவில் தானே விழுந்துவிடமாட்டாரா? விழக்கூடும். கடன்பட்டு இயந்திரம் வாங்கியவருக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. ஆனால் இந்த வாதம் காட்டுவது, பொறுப்பு அவருக்கில்லை என்பதையல்ல, அதை அவர் தனியே சுமக்க முடியாது என்பதையே. பலர் சிறிது சிறிதாகச் செலுத்தும் காப்புறுதி நிதி இதற்காகவே ஏற்பட்டது. லொறிக்குக் காப்புறுதி எடுக்காமல் வீதியில் இறக்க முடியாதென்பதை ஏற்றுக்கொண்ட நாம், லொறியில் மூட்டை ஏற்றுபவனுக்கு மட்டும் அதைப் பெருஞ்சுமையென்று சொல்வது முறையாகுமா?

இன்னுமொன்றும் சொல்லப்படுவதுண்டு. சட்டம் வந்தால் மனித உறவு போய்விடும், ‘நம்மட ஆள்’ என்ற பாசம் அற்றுவிடும் என்பார்கள். இக்கவலையை ஏளனம் செய்வதற்கில்லை. சிற்றூர்களில் அந்தப் பாசந்தான் பல குடும்பங்களைக் காத்திருக்கிறது. ஆனால் கடனைத் தீர்த்துவிட்டுப் பழங்களோடு வருகிறவரின் பாசத்தில் எவருக்கும் சந்தேகம் வராது. கடனைப் பாசமென்று பெயர் மாற்றிக் கொடுப்பதுதான் உறவைக் கெடுக்கிறது. வாங்குபவன் தலை குனிய, கொடுப்பவர் தன்னையறியாமலே தலை நிமிர்கிறார். அந்தக் குனிவைக் காயத்தோடு சேர்த்துச் சுமக்கும்படி எந்தத் தொழிலாளியையும் வைக்கக்கூடாது.

சட்டத்தில் வைத்தியச் செலவைச் சேர்ப்பது பாராளுமன்றத்தின் வேலை. அதுவரைக்கும் முதலாளிமார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காயப்பட்டவன் கேட்டு வரும்வரை காத்திராமல், அவனது கை மீண்டும் மடங்கும்வரையான செலவைத் தமது கணக்குப் புத்தகத்தில் தர்மச் செலவின் கீழ் எழுதாமல், கொடுக்க வேண்டிய கடன்களின் கீழ் எழுதிக்கொள்ளலாம்.