சீனி வியாதிக்காரரின் நோன்பு

 



ரமலான் நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் வந்து கேட்கப்படும் மஸ்அலாக்களில் பெரும்பகுதி இன்று சீனி வியாதியைப் பற்றியதாகவே இருக்கின்றது. "ஹஜ்ரத், இன்சுலின் ஊசி போட்டால் நோன்பு முறியுமா?" "விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் முறியுமா?" "காலை மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிக் கொள்ளலாமா?" முதல் இரண்டு கேள்விகளுக்கும் நாம் பதில் சொல்லலாம். மூன்றாவது நம்மிடம் கேட்க வேண்டியதே அல்ல. அது டாக்டரிடம் கேட்க வேண்டியது. இவற்றைத் தவிர இன்னொரு கேள்வியும் உண்டு. அதை யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. "நோன்பை விட்டால் ஊரார் என்ன நினைப்பார்கள்? பிள்ளைகள் எதிரில் எப்படித் தண்ணீர் குடிப்பது?" என்பதே அது. கேட்கப்படாத அந்தக் கேள்விதான் நம்மவர்களில் பலரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போடுகின்றது.

இது ஏதோ பணக்கார வீட்டு வியாதி என்று எண்ணிய காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023ல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்றும், இன்னும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசற்படியில் நிற்கின்றனர் என்றும் கூறியது. பெரியதாழை தொடங்கி மணப்பாடு, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர் வழியாகக் காயல்பட்டினம் வரை நீளும் நம் கடற்கரை இதற்கு விலக்கா என்ன? பெரியதாழையில் வலை இழுக்கும் கிறிஸ்தவ மீனவரையும், காயல்பட்டினத்துக் கடைக்காரரையும் அது ஒன்றுபோலவே பிடிக்கின்றது. அந்த மீனவச் சகோதரர்களின் தவக்கால நோன்பிலும் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் பகுதிக்கே உரிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தேரிக்காட்டுப் பனையில் இறக்கிய பதனீரைக் காய்ச்சி எடுக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கு நாடெங்கும் பெயர் உண்டு. "வெள்ளைச் சீனிதான் கெடுதல், கருப்பட்டி மருந்து" என்று சொல்லிக்கொண்டு, சீனியை நிறுத்தியவர்கள் கருப்பட்டிக் காப்பியை மூன்று வேளையும் குடிக்கின்றார்கள். பெருநாளுக்குக் கருப்பட்டி போட்ட வட்டிலப்பம் வேறு! கருப்பட்டியில் சில தாதுச் சத்துக்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் பெரும்பகுதி, சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். இரத்தத்தில் கலந்த பிறகு அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று உடம்பு விசாரிப்பதில்லை.

இனி மார்க்கத்தின் நிலையைப் பார்ப்போம். நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், சூரத்துல் பகராவின் 184, 185ம் வசனங்களில், நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் சலுகை வழங்கியிருக்கின்றான். அடியார்களுக்கு இலகுவையே தான் நாடுவதாகவும், சிரமத்தை நாடவில்லை என்றும் அங்கேயே அறிவிக்கின்றான். அந்தச் சலுகை பலவீனமான ஈமான் உடையவர்களுக்காக இறங்கியதல்ல. ஸஹாபாக்கள் இருந்த சபையில் இறங்கியது. அப்படியிருக்க, அல்லாஹ் கொடுத்ததை வாங்கிக் கொள்ள நாம் வெட்கப்படுவது ஏன்?

அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சியை ஆலிம்களாகிய நாம்தான் முதலில் அஞ்சிப் படிக்க வேண்டும். ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம்பட்டது. அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றவர்கள் அப்படிச் சொன்னவர்களே என்று கடிந்துகொண்டார்கள். தெரியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா என்றும் வினவினார்கள். கருத்தைத்தான் நாம் தந்திருக்கின்றோம். சீனி நோயாளியிடம், "தவக்கல் வைத்துப் பிடியுங்கள், ஒன்றும் ஆகாது" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்பவர்கள் இந்த நிகழ்ச்சியை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

ஒன்றும் ஆகாதா? நோன்பாளியின் உடம்பில் நடப்பது என்ன? ஸஹர் உணவு தீர்ந்த பிறகு, ஈரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைக் கொண்டு உடம்பு சமாளிக்கின்றது. நம் பகுதியில் நோன்பின் நேரம் சுமார் 13 முதல் 14 மணி. ஆரோக்கியமானவருக்கு இது பெரிதல்ல. ஆனால் இன்சுலின் ஊசியும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும், வயிறு காலியா நிறைந்ததா என்று பாராமல் சர்க்கரையை இறக்கிக் கொண்டேயிருக்கும். அஸருக்கு மேல் வியர்த்து, கை நடுங்கி, பார்வை மங்கி, பேச்சுக் குழறும். வீட்டார் "நோன்புக் களைப்பு" என்று படுக்க வைப்பார்கள். அது களைப்பல்ல, ஆபத்து! 2001ல் முஸ்லிம்கள் அதிகம் வாழும் 13 நாடுகளில் 12,000க்கும் அதிகமான நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நடுவயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடையே, சர்க்கரை மிகவும் இறங்கி ஆபத்தான நிலை ஏற்படுவது ரமலானில் ஏழு மடங்குக்கு மேல் கூடியதாகக் கண்டார்கள். இதற்குப் பயந்து இன்சுலினைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றவர்களும் உண்டு. அது மற்றப் பக்கத்துப் படுகுழி. சிறு வயதிலேயே வரும் முதல் வகை நோயாளி இன்சுலினை விட்டால், இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஆகவேதான் 2009ல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நீரிழிவு நோயாளிகளை ஆபத்தின் அளவைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்தது. ஆபத்து மிகுந்த முதல் இரு வகையினர் நோன்பு நோற்கவே கூடாது என்று தீர்மானித்தது. உயிருக்கு அஞ்சும் நிலையில் நோன்பை விடுவது கடமை என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்களிலும் காணலாம். அதே அகாடமி 1997லேயே, உணவாகச் செலுத்தப்படாத ஊசிகளாலும், சோதனைக்கு இரத்தம் எடுப்பதாலும் நோன்பு முறியாது என்று முடிவு செய்துவிட்டது. எனவே நோற்பவர்கள் தயங்காமல் பகலில் இரத்தம் சோதித்துப் பார்க்கட்டும். அளவு 70க்குக் கீழ் இறங்கினாலோ, 300க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் முடிவு. மஃரிபுக்குப் பத்து நிமிடந்தான் இருக்கின்றது என்றாலும் சரி! இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அந்த ஒரு நோன்பைப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம். நோயும் தீராது, களாச் செய்யவும் இயலாது என்றிருப்பவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு ஒரு முத்து அரிசி ஃபித்யாவாகக் கொடுப்பார். ஹனஃபீ மத்ஹபில் அளவு வேறு. ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்க.

தொழிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடையில் உட்கார்ந்திருப்பவர் மயங்கினால் தாங்கிப் பிடிக்க ஆள் உண்டு. நடுக்கடலில் வள்ளத்திலோ, பனை உச்சியிலோ இருப்பவர் மயங்கினால்?

நோன்பு திறக்கும் நேரத்தையும் பாருங்கள். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமூசா, சர்பத், பிறகு தராவீஹ் முடிந்து பரோட்டா! பகலெல்லாம் இறங்கிக் கிடந்தது இரவில் மலையேறுகின்றது. நோயாளிக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஒரு கோப்பைக் கஞ்சியும் போதும். வடையை நீட்டி வற்புறுத்துவது பிரியமாகாது.

ரமலானோடு முடிகின்ற விஷயமும் இதுவல்ல. சீனி நோயாளியின் கால் நரம்புகள் மரத்துப் போவதால் ஆணி குத்தினாலும் தெரியாது. நடுப்பகல் மணலில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் கண்டாலும் தெரியாது. நமக்கோ ஒளு இருக்கின்றது. விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது ஸுன்னத்து. அப்படிக் கழுவும்போதே பாதத்தின் அடியையும் பார்த்துவிட்டு, இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்துவிட்டால் மருத்துவர்கள் அன்றாடம் செய்யச் சொல்லும் காரியம் நிறைவேறிவிடுகின்றது. கண் மங்கிய பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். புண் இருந்து, தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னால் கட்டின் மீது மஸ்ஹு செய்வதற்கும் தயம்முமுக்கும் சட்டம் இருக்கின்றது. தலையில் காயம்பட்ட அந்த மனிதரை மறந்துவிட வேண்டாம்.

வீட்டுப் பெண்களிடம் ஒரு சொல். இந்த வியாதியை அதிகம் மறைப்பவர்கள் உம்மாமார்களே. ஸஹருக்கு எல்லோரையும் எழுப்பி, ஆக்கிப் போட்டு, தாம் ஒரு வாய்க் காப்பியோடு நிய்யத்து வைத்து விடுவார்கள். மாத்திரை அலமாரியிலேயே இருக்கும். நோன்பை விடச் சொன்னால் அழுவார்கள். அந்த அழுகை ஈமானின் அடையாளம். அதை நாம் குறைவாகப் பேசமாட்டோம். ஆனால் ஆரோக்கியமாக இருந்தபோது செய்துவந்த அமலின் நன்மை, நோயால் அது தடைப்படும்போதும் எழுதப்படுகின்றது என்று புகாரியில் வந்திருப்பதை மகன் அருகில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லட்டும். மருமகள் பகல் சாப்பாட்டை முகம் கோணாமல் ஆக்கி வைக்கட்டும். பிறர் தவறாக எண்ணாமலிருக்கக் கடைத்தெருவில் மறைவாகச் சாப்பிடுவது வேறு. சொந்த வீட்டில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தாய் தண்ணீர் குடிக்க நேர்வது வேறு.

டாக்டரிடம் போவதை ரமலான் பிறை பார்க்கும் வரை தள்ளிப் போடக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு முன்பே போக வேண்டும் என்கின்றார்கள். அதாவது, ரஜபு மாதத்திலேயே. போகும்போது மருந்துச் சீட்டும், கடைசியாகச் சோதித்த அளவும் கையில் இருக்கட்டும். "நோன்பு வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஸஹருக்கு எந்த மாத்திரை, எவ்வளவு. நோன்பு திறந்ததும் எது. ஊசியின் அளவைக் குறைக்க வேண்டுமா. பகலில் எத்தனை மணிக்குச் சோதிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தமிழில் எழுதி வாங்கி, அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.