அன்பும் கணக்கும்

பிறரிடம் அன்பாய் நடப்பவன் எதன்பொருட்டு அவ்வாறு நடக்கின்றான்? இவ்வினாவை ஒரு விளையாட்டைக்கொண்டு ஆராயப் புகுகின்றோம். விளையாட்டென்று இகழவேண்டா. ஏணியும் பாம்பும் வரைந்த பரமபதப் படமும் நல்வினை தீவினைகளை உணர்த்த எழுந்ததேயன்றோ?

ஜப்பான் தேசத்துக் கொனாமி நிறுவனத்தார் 1994ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘டோக்கிமெக்கி மெமோரியல்’ என்னும் வீடியோ விளையாட்டை வெளியிட்டனர். ஆடுவோன் அதில் பள்ளி மாணவனாகின்றான். மூன்றாண்டுக் காலமும் படிப்பு, உடற்பயிற்சி, கலை என்பனவற்றுள் எதனைப் பயில்வதென அவனே தெரிந்துகொள்ளல் வேண்டும். அவன் தகுதிகள் எண்களாய் ஏறும், இறங்கும். பள்ளி முடியும் நாளில் மரத்தடியில் ஒரு பெண் தன் காதலை உரைப்பாளாயின் அவனுக்கு வெற்றி. அண்டை வீட்டு ஷியோரியின் மனத்தைப் பெறுவதோ மிக அரிது. தகுதி ஒரே நாளில் வாராது என்னும் இப்பாடம் நன்றே.

ஆயின் மற்றொரு விதியும் அதில் உண்டு. புறக்கணிக்கப்பட்ட பெண்ணின் மனக்கசப்பு வெடிகுண்டுச் சின்னமாய்த் தோன்றும். அது வெடித்தால் ஏனைப் பெண்களின் நன்மதிப்பும் குறையும். அதற்கஞ்சியே ஆடுவோன் அவளையும் உலாவ அழைக்கின்றான். அவள் துயர் தீர்க்கவா? அன்று, தன் எண்ணைக் காக்கவே.

“அவள் மகிழ்ந்தாளன்றோ, நோக்கம் எதுவாயின் என்ன?” எனச் சிலர் வினவலாம். திரையிலுள்ள பதுமைக்கு அதனால் குறைவில்லை. வாழ்விலோ, அச்சத்தால் பிறந்த அன்பு அச்சம் நீங்கிய அன்றே நீங்கிவிடும்.

நம் கோலார் தங்கவயலைக் காண்மின். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்த சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்தபோது, உடன் உழைத்தவனைத் தேடிச் சென்றவர் என்ன கணக்குப் பார்த்தனர்? 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. கல்தூசி நெஞ்சிற் படிந்த முதியவர் லைன் வீட்டில் இருமிக்கொண்டிருந்தால், அவர் தலைமேல் எச்சின்னமும் தோன்றுவதில்லை. அவரைக் காணாது சென்றாலும் நம் மதிப்புக் குறைவதில்லை. கண்டு வந்தாலும் ஏறுவதில்லை. அங்கே செல்லும் கால்களை நடத்துவது எதுவோ, அதுவே அன்பு.

எண்ணமே வினை என்பது பகவன் போதம். கணக்கோடு செய்யும் உபகாரத்தையும் விட்டுவிடுக என்று நாம் சொல்லோம். ஏடு பயில்வோன் விரலால் எழுத்தைத் தொட்டுப் படிப்பதுபோல் அது தொடக்கமாகுக. படிக்கக் கற்றபின் விரலை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டோமா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே வினவுவாராக.