சாவி யார் கையில்?

பங்குப் பொறுப்போடு பள்ளித் தாளாளர் பொறுப்பும் சேர்ந்தே வருவதால், பள்ளியின் சாவிக்கொத்து பல ஆண்டுகள் நம்மிடமே இருந்தது. அதில் கணிப்பொறி அறையின் சாவிக்கு மட்டும் சிவப்பு நாடா கட்டியிருந்தோம். பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சம். பத்துக் கணிப்பொறிகளும் உறை போர்த்திக் கிடந்து, ஆய்வாளர் வரும் நாளில் மட்டுமே கண் விழித்தன. அதனை நிர்வாகத் திறன் என்றே அன்று எண்ணியிருந்தோம்.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசி வழியே செல்லவேண்டிய கட்டாயம் வந்தது. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் கணிதம் எழுதிப் பழகிய நம் ஆசிரியை ஒருவர், அதே தெருவில் வாழ்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியைத் திண்ணைக்கு அழைத்து, "இதை எனக்குச் சொல்லிக் கொடம்மா" என்றார். (அச்சொல் பிறக்க ஒரு நோய் வேண்டியிருந்தது என்பது நம் கல்வி முறைக்குப் பெருமை அன்று.) "டீச்சர், அவசரப்பட்டு அழுத்தாதீங்க" என்று மாணவி திருத்தினாள். ஆசிரியை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மாணவரிடம் கற்கும் ஆசிரியர் தம் மதிப்பை இழந்துவிடுகிறாரா?

1967-இல் உடன்பணியாளரோடு லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கியவர் சீமோர் பேப்பர்ட். கணிப்பொறி குழந்தையை இயக்குவதா, குழந்தை கணிப்பொறியை இயக்குவதா என்ற வினாவை 1980-இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் அவர் முன்வைத்தார். லோகோவில் திரையிலுள்ள ஆமைக்குக் கட்டளையிட்டுக் குழந்தை சதுரம் வரைகிறது. கோணம் பிசகினால் ஆமை வேறெங்கோ போய்விடும். அங்கே சிவப்பு மைக்கு வேலையில்லை. பிசகு எந்தக் கட்டளையில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே பாடம். அத்தேடலில் ஆசிரியரும் பிள்ளையின் அருகில் அமரலாம். அவருக்கும் விடை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கருவி மட்டும் போதும் என்போர் பெரு நாட்டைப் பார்க்கலாம். அங்கே பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-இல் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு வளர்ச்சி தெரிந்தது. கருவி வந்தும் வகுப்பு பழைய வகுப்பாகவே இருந்தால் வேறென்ன விளையும்? நம் நாட்டிலும் ஆசிரியர் பயிற்சிகள் சான்றிதழோடு முடிந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அரைநாளில் கற்கலாம். அழுத்தும் உரிமையைப் பிள்ளையிடம் விடக் கற்பதற்கு ஆண்டுகள் ஆகின்றன. நமக்கு ஆயின.

திண்ணைக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. நோய்க்குக் கைமருந்து என்று கைப்பேசியில் வந்த பொய்ச்செய்தியொன்றை அம்மாணவி நம்பிப் பலருக்கும் அனுப்பிவிட்டாள். ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. "இதை எழுதியவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். விடை தேடிப் போனவள், மாலையில் தானே ஒவ்வொருவருக்கும் மறுப்பு அனுப்பினாள். காலையில் மாணவியாய் இருந்தவர் மாலையில் ஆசிரியையாகவே இருந்தார். மதிப்பு எங்கும் போய்விடவில்லை.

2021 செப்டம்பரில் உயர்வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது, சிவப்பு நாடாவை அவிழ்த்து அவரிடம் சாவியைக் கொடுத்தோம். மூன்றாம் வாரமே ஒரு விசைப்பலகை உடைந்தது. நமக்குள் இருந்த பழைய தாளாளர் விழித்துக்கொண்டு, விசாரிக்கப் போனார். மேசைமேல் பிள்ளைகளே எழுதிவந்த குறிப்பேடு கிடந்தது. உடைத்தவன் பெயர், நாள், உடைந்த விதம் எல்லாம் அவன் கையெழுத்திலேயே இருந்தன.