தோலும் கொழுப்பும் சம்மதமும்

உணவில் கொழுப்பே இல்லாமல் போனால் தோல் என்ன ஆகும் என்று அறிய ஒரே நேரடி வழி, ஓர் உயிருக்குக் கொழுப்பைக் கொடுக்காமல் நிறுத்திப் பார்ப்பதுதான். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அப்படி நிறுத்திப் பார்க்கப்பட்டது முதலில் எலிகளுக்கு, அடுத்து ஓர் ஆராய்ச்சியாளருக்கு, பிறகு கைக்குழந்தைகளுக்கு. கொழுப்பு மிகுந்த தின்பண்டத்தால் முகப்பரு வருமா என்ற கேள்வி எழுந்தபோது சிறைக் கைதிகளின் முறை வந்தது. ஆய்வு முறை என்று பார்த்தால் இவற்றுக்குள் பெரிய வேற்றுமை இல்லை. அறம் என்று பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு. பலருடைய நன்மைக்காக ஒருவருடைய உடலைக் கருவியாக்கலாமா, ஆக்கலாம் என்றால் யாருடைய சம்மதம் உண்மையில் சம்மதமாகும் என்ற தத்துவக் கேள்வி இந்த வரலாற்றில் உருவத்தோடு நிற்கிறது.

1920களில் கொழுப்பு வெறும் எரிபொருள் என்றே கருதப்பட்டது. சர்க்கரையிலிருந்தே உடல் அதைத் தயாரித்துக்கொள்ளும், உணவில் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்பது பொதுக் கருத்து. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி இதைச் சோதித்தார்கள். சுத்திகரித்த பால் புரதம், சர்க்கரை, உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் எலிகளுக்குக் கிடைத்தன. கொழுப்பு மட்டும் இல்லை. எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வீங்கியது, நுனி கறுத்து அழுகியது. பின்னங்கால்கள் சிவந்தன, முடி கொட்டியது. எலிகள் தண்ணீரை ஓயாமல் குடித்தன, ஆனால் அதற்கேற்ற அளவு சிறுநீர் வெளியேறவில்லை. 1929இல் வெளியான கட்டுரை இதைப் புதிய குறைபாட்டு நோய் என்று அறிவித்தது. சிறிதளவு பன்றிக் கொழுப்பு சேர்த்ததும் எலிகள் தேறின. அதில் இருந்த மருந்து லினோலெயிக் அமிலம் என்று 1930இல் காட்டினார்கள்.

குடித்த தண்ணீர் தோல் வழியாகக் கசிந்துபோயிருந்தது. காரணம் பிற்பாடு தெளிவானது. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செராமைடு என்ற கொழுப்பு வகை படலம் படலமாக அடுக்கப்பட்டிருக்கிறது. நீர் வெளியேறாமல் தடுப்பது அதுதான். அந்தச் செராமைடுகளில் முக்கியமான ஒரு வகைக்கு லினோலெயிக் அமிலம் வேண்டும். அதை உடலால் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும்.

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமா? பர் குழுவில் இருந்த வில்லியம் பிரவுன் என்ற உயிர்வேதியியலாளர் தம்மையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். கொழுப்பு நீக்கிய பால், அதிலிருந்து செய்த பாலாடைக்கட்டி, சர்க்கரை, மாவுச்சத்து, ஆரஞ்சுச் சாறு என்று ஆறு மாதம் சாப்பிட்டார். முடிவு 1938இல் வெளியானது. எடை குறைந்தது, நெடுநாள் ஒற்றைத் தலைவலிகூட நின்றது. தோலுக்கோ ஒன்றும் ஆகவில்லை. வளர்ந்த மனிதரின் உடலில் சேர்ந்திருக்கும் லினோலெயிக் அமிலம் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடாது. அறிவியலுக்கு இது ஏமாற்றம்தான். அறத்தின் பார்வையில் இந்த வரலாறு முழுவதிலும் இதைவிடச் சுத்தமான சோதனை வேறில்லை.

அதற்கான விளக்கத்தை முப்பது ஆண்டுகள் கழித்து எழுதியவர் ஹான்ஸ் யோனாஸ். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதத் தத்துவவாதி அவர். அவருடைய தாய் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மனிதர்கள் மீதான சோதனை பற்றி 1969இல் வெளியான கட்டுரையில் அவர் ஒரு வரிசை வகுத்தார். ஆய்வின் நோக்கத்தை யார் நன்றாகப் புரிந்துகொண்டு தன் நோக்கமாகவே ஏற்கிறாரோ, மறுக்கும் சுதந்திரம் யாருக்கு அதிகமோ, அவரே முதலில் முன்வர வேண்டும். அப்படிப் பார்த்தால் முதல் ஆள் ஆராய்ச்சியாளரே. அறியாதவர்களும் அடைபட்டவர்களும் வரிசையின் கடைசியில் வருவார்கள். எளிதில் கிடைப்பவரை முதலில் பிடிக்கும் வழக்கத்தை இது தலைகீழாக்குகிறது. மருத்துவ முன்னேற்றம் நல்ல இலக்குதான், ஆனால் எந்த விலை கொடுத்தும் அடைய வேண்டிய கடமை அல்ல என்பது அவர் வாதத்தின் அடித்தளம்.

பிரவுனின் உடல் தராத விடையைக் குழந்தைகளின் உடல் தந்தது. பர் தம்பதியின் ஆய்வோடு தொடர்பில் இருந்த குழந்தை மருத்துவர் ஆரில்ட் ஹேன்சன், கரப்பான் கண்ட குழந்தைகளின் இரத்தத்தில் லினோலெயிக் அமிலம் போன்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் குறைந்திருப்பதை 1930களிலேயே கவனித்தவர். பின்னர் டெக்சாஸின் கால்வெஸ்டனில் அவர் குழு 428 கைக்குழந்தைகளுக்கு ஐந்து வகைப் பால் கலவைகளைக் கொடுத்தது. ஒன்றில் மொத்தக் கலோரியில் 0.1 சதவீதத்துக்கும் குறைவான லினோலெயிக் அமிலமே இருந்தது. அதைக் குடித்த குழந்தைகள் பலரின் தோல் வறண்டு, தடித்து, உரிந்தது. மடிப்புகள் சிவந்து புண்ணாயின. அந்த அமிலத்தைச் சேர்த்ததும் தோல் ஆறியது. ஆய்வு 1963இல் வெளியானது. அக்காலத்து அமெரிக்கக் குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பாலில் வளர்ந்தவர்கள் என்பதால், இந்த விடைக்கு அவசரமான தேவை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. இன்று அமெரிக்காவில் விற்கும் குழந்தைப் பால்மாவில் 100 கலோரிக்கு 300 மில்லிகிராம் லினோலெயிக் அமிலமாவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

ஆயினும் புண்ணான குழந்தைக்கு அந்தப் புண்ணால் நேரடி நன்மை எதுவும் இல்லை. குழந்தைகளை இப்படிச் சோதிக்கலாமா என்பதில் கிறிஸ்தவ இறையியலாளர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். மெதடிஸ்ட் சிந்தனையாளரான பால் ராம்சி 1970இல் எழுதிய நூலில் கறாராக மறுத்தார். குழந்தைக்கே பயன் தராத சோதனைக்குப் பெற்றோரும் சம்மதம் தர முடியாது. தீங்கே நேராவிட்டாலும் அது குழந்தையை வெறும் கருவியாக்கும் என்றார். மனிதரை ஒருபோதும் வழியாக மட்டும் நடத்தாதே என்ற தத்துவவாதி கான்ட்டின் நெறி அவர் வாதத்துக்குள் ஒலிக்கிறது. ஏசு சபையைச் சேர்ந்த ரிச்சர்ட் மெக்கார்மிக் 1974இல் எதிர்வாதம் வைத்தார். ஆபத்து மிகக் குறைவாக இருந்தால், பேசத் தெரிந்தால் அந்தக் குழந்தையே சம்மதித்திருக்கும். ஏனெனில் பிறர் நலனில் பங்கேற்பது மனித இயல்புக்கு உரிய கடமை. அந்தக் கடமையைக் குழந்தையின் சார்பில் பெற்றோர் நிறைவேற்றலாம். ராம்சி இதை ஏற்கவில்லை. குழந்தையைச் சின்ன அளவிலான பெரியவராக எண்ணுவது அதற்குச் செய்யும் அநீதி என்றார்.

மெக்கார்மிக்கின் வழி நடைமுறைக்கு ஏற்றது. பின்னால் வந்த விதிகளும் அதன் பக்கமே சாய்ந்தன. ஆனால் கால்வெஸ்டனில் நடந்ததற்கு அந்த வழியும் இடம் தராது. எலிகளைப் பார்த்தவர்களுக்குத் தோல் உரியும் என்பது முன்கூட்டியே தெரிந்த சாத்தியம். வேறு வழியும் பின்னால் திறந்தது. குடல் செயலிழந்து சிரை வழியாகக் கொழுப்பில்லா உணவு பெற்ற நோயாளிகளுக்கு இதே தோல் நோய் தானாகவே வந்தது. இந்தக் குறைபாடு உள்ளவர்களின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் பூசியே குறையைப் போக்க முடியும் என்று 1974இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். யாருக்கும் எதையும் வேண்டுமென்று மறுக்காமல் கிடைத்த அறிவு அது.

கைதிகளின் கதை வேறு வகை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் சோதனைகள் நடத்தினார். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் விசாரணைக்குக் காத்திருந்தவர்கள் பலர். சோதனைக்கு உடன்பட்டால் கொஞ்சம் பணம் கிடைக்கும். ஷாம்பு முதல் டயாக்சின் என்ற நச்சு வரை அவர்கள் தோலில் பூசப்பட்டது.

1969இல் கிளிக்மனும் வேறு இருவரும் வெளியிட்ட முகப்பரு ஆய்வில் 65 பேர். அதில் 35 பேர் கைதிகள். நான்கு வாரம் சாக்லேட் கட்டி, நான்கு வாரம் சாக்லேட் இல்லாத போலிக் கட்டி. சாக்லேட்டால் பரு கூடவில்லை என்பது முடிவு. போலிக் கட்டியிலோ ஏறத்தாழ அதே அளவு கொழுப்பும் சர்க்கரையும் இருந்தன! கொழுப்பும் சர்க்கரையும் பருவைத் தூண்டுமா என்பதற்கு இந்த ஒப்பீட்டால் விடை சொல்லவே முடியாது. இருந்தும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்று பல ஆண்டுகள் பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆஸ்திரேலியாவில் சுதந்திரமாக முன்வந்த 43 இளைஞர்களிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றாத உணவைப் பன்னிரண்டு வாரம் உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. கேள்வி மீண்டும் திறந்தது.

கைதியின் சம்மதம் பற்றி, மனிதர்கள் மீதான ஆய்வுக்கு அமெரிக்காவில் அறநெறி வகுத்த 1979இன் பெல்மான்ட் அறிக்கை ஓர் உண்மையான இக்கட்டைக் குறிப்பிட்டது. முன்வரும் வாய்ப்பைக் கைதிக்கு மறுப்பது அவர் சுயமுடிவை மதிக்காததாகும். சிறைச் சூழலின் அழுத்தத்திலிருந்து அவரைக் காக்காமல் விடுவதும் அவமதிப்பே. ஹோம்ஸ்பர்க்கைப் பொறுத்தவரை இந்த இக்கட்டுக்கே இடமில்லை. எதற்கு உடன்படுகிறோம் என்றே பலருக்குத் தெரியாதபோது அங்கே சம்மதம் என்ற ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது.

இப்படிக் கிடைத்த அறிவைப் பயன்படுத்தலாமா? கால்வெஸ்டனின் அளவை இன்றைய பால்மாவிலிருந்து நீக்கினால் இன்னொரு தலைமுறைக் குழந்தைகளின் தோல்தான் உரியும். பழைய குழந்தைகளுக்கு அதனால் நீதி கிடைக்காது. எனவே பயன்படுத்துவது தவறல்ல. ஆனால் பயன்படுத்துபவர் கடன்பட்டவர். அந்தக் கடனை யாரிடம் தீர்ப்பது என்பது கைதிகள் விஷயத்தில் தெளிவு. அவர்களில் பலர் உயிரோடு இருந்தார்கள். ஹோம்ஸ்பர்க்கின் முன்னாள் கைதிகள் ஏறத்தாழ முந்நூறு பேர் 2000இல் தொடுத்த வழக்கு, காலவரம்பு கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021இலும், பிலடெல்பியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. இழப்பீடு வேண்டும் என்ற கோரிக்கையை எஞ்சியிருந்தவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் அதன் பிறகும் கைவிடவில்லை.