அழியும் குறி

ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்கூடம் ஒன்றில் ஒப்பந்த ஊழியராயிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், ஜும்ஆ முடிந்ததும் என்னிடம் வந்தார். பழுதான வார்ப்புகளின்மீது சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி இடுவது அவர் பணி. ஓரிரவு மேற்பார்வையாளர், எண்ணிக்கை குறைகிறது, சில குறிகளைத் துடைத்துவிடு என்றாராம். "அஸரத், நான் வாயால் பொய் சொல்லவில்லையே; நான் எழுதியதை நானே அழிப்பதும் குற்றமா?" என்றார்.

எனக்கு உடனே விடை வரவில்லை. கரும்பலகையில் அன்றாடம் எழுதி அழிப்பவன்தானே நானும்!

அப்பொருளின் பெயர்களிலேயே மயக்கம் உண்டு. அரபியில் அதனைத் தபாஷீர் என்பர். அச்சொல் முதலில் குறித்ததோ யூனானி வைத்தியர்கள் கையாளும் மூங்கிலுப்பை. தமிழில் அது சீமைச் சுண்ணாம்பு. கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் அடித்தளத்தில் படிந்து இறுகியதே மெய்யான சுண்ணக்கட்டி. அது மிகுதியாய்ப் படிந்த கிரெட்டேஷியஸ் காலத்திற்கு அப்பெயரே சுண்ணக்கட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளும் அக்காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றில் கிடைப்பவை இலைப்பதிவுகள். நம் வகுப்பறைக் குச்சியோ பெரும்பாலும் ஜிப்சத்தைச் சுட்டரைத்து, நீரில் குழைத்து, அச்சில் வார்த்தது. எலுமிச்சைச் சாறு விட்டால் மெய்யானது நுரைக்கும், இது வாளாவிருக்கும்.

சுண்ணத்தின் இனம் புகாத இடமில்லை. பற்பசை, வண்ணப்பூச்சு, ரப்பர், காகிதம் யாவற்றிலும் அது உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூரில் வார்க்கப்பெறும் கண்ணாடிக்கும் மணலோடு சுண்ணாம்புக்கல் வேண்டும். தையற்காரரும் தச்சரும் அதனை விரும்புவது அழியும் என்பதற்காகவே.

ஜிப்சத்தைச் சுண்ணக்கட்டி என்பதில் யாரும் ஏமாறுவதில்லை. ஆகவே அது பொய்யன்று. பலகையில் நான் அழிப்பது, பிள்ளையின் நெஞ்சில் சேர்ந்துவிட்ட எழுத்தை. அவர் துடைக்க வேண்டுமென்று கேட்கப்பட்டதோ, உரியவர் இன்னும் படிக்காத எழுத்து. அவ்வார்ப்பு ஏதோவொரு வண்டியில் பொருந்தும். அதில் ஒரு குடும்பம் ஏறும். மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த ஹதீஸை அவருக்கு நினைவூட்டினேன். அந்த வணிகரும் வாயால் பொய்யுரைக்கவில்லை. நனைந்ததை மேலே வைக்கவில்லை, அவ்வளவே. குறி என்பது அமானிதம் என்றேன்.

"வேலை போனால்?" என்றார். மாதச் சம்பளம் தவறாத நான் அதற்கு என்ன சொல்வது? ரிஜ்கு அல்லாஹ்விடம் என்பது மெய்யே. ஆயினும் அவர் வீட்டு வாடகையை எண்ணியபோது, அதைச் சொல்ல என் நா கூசியது.

சென்ற வாரம் மீண்டும் வந்தார். தம் சொந்தப் பணத்தில், எளிதில் அழியாத மஞ்சள் சாயப் பேனா ஒன்று வாங்கியிருக்கிறாராம். மேற்பார்வையாளர் அதைப் பார்த்தார். இதுவரை ஒன்றும் கேட்கவில்லையாம்.